தண்ணீரின் மேல் ஓர் ஆடை

மீன்தொட்டியை நாம் எல்லோரும் எதிரில் நின்றுதான் பார்க்கிறோம். மீன்கள் அங்கேதானே இருக்கின்றன! ஒருமுறை வேறு விதமாகப் பாருங்கள். காலையில் தொட்டியின் முன் குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணை வைத்து, மேற்பரப்பை அடியிலிருந்து நோக்குங்கள். தண்ணீர் நல்ல நிலையில் இருந்தால் அந்தப் பரப்பு துடைத்து வைத்த கண்ணாடி போலப் பளபளக்கும். பல தொட்டிகளில் அப்படி இராது. காய்ச்சிய பால் ஆறும்போது படியும் ஆடையைப் போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு மெல்லியதாக, ஒரு மங்கலான படலம் தெரியும். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால், மழை நாளில் சாலையில் சிந்திய பெட்ரோலில் காண்கிற வானவில் நிறங்கள் சில இடங்களில் தெரியலாம். இன்னோர் அடையாளமும் உண்டு. கீழிருந்து வரும் காற்றுக் குமிழிகள் மேலே வந்ததும் உடைந்து போகாமல் சிறிது நேரம் மிதந்து நிற்கும்.

இந்தப் படலத்தோடு எனக்கு ஒரு பழைய பகை உண்டு. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஒரு தொட்டி இருந்தது. அதில் எட்டுத் தங்கமீன்கள். மோட்டார் கிடையாது, தூசி விழாமல் இருக்க மேலே ஒரு மூடி மட்டும் உண்டு. தண்ணீரின் மேல் எப்போதும் பிசுபிசுவென்று ஆடை படிந்திருக்கும். "இது மீன்களுக்குக் காற்றுப் போகாமல் மூடிவிடும். தினமும் எடுத்துவிடு" என்று மேல்வகுப்பு அண்ணன் ஒருவர் சொன்னார். நானும் தவறாமல் தாளைப் போட்டு ஒற்றி எடுத்தேன். ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, படலத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மறுநாள் விடுமுறை ஆயிற்றே என்று இரண்டு நாளைக்கான தீனியையும் சேர்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ஐந்து மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. மற்ற மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. படலமோ லேசாகத்தான் படிந்திருந்தது.

படலத்தை எடுத்த பிறகும் மீன்கள் ஏன் இறந்தன? இதற்கு விடை தெரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. முதலில் அந்தப் படலம் என்ன பொருள் என்பதைப் பார்ப்போம்.

மீன் தீனியில் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன. கடையில் விற்கும் குருணைத் தீனியில் பெரும்பாலும் மீன் எண்ணெயும் சேர்ந்திருக்கும். மீன்களின் உடலிலிருந்து கழியும் வழவழப்பு, அழுகும் செடியிலைகள், மீனின் கழிவு ஆகியவற்றிலிருந்தும் இதே வகைப் பொருள்கள் தண்ணீரில் கலக்கின்றன. இவை போதாதென்று நாமும் சேர்க்கிறோம். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையைத் தொட்டியில் விடுகிறோம். சமையலறைக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தால் தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும் அதில் வந்து படிகிறது.

இப்பொருள்களின் மூலக்கூறுகள் பலவற்றுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். மறு முனைக்குப் பிடிக்காது. தண்ணீருக்குள் எங்கே இருந்தாலும் அந்த மறு முனைக்கு நிம்மதி இல்லை. அலைந்து திரிந்து மேற்பரப்புக்கு வந்து சேர்ந்ததும், ஒரு முனையைத் தண்ணீரில் ஊன்றி, மறு முனையைக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பின்னால் வரும் மூலக்கூறுகளும் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கும் நாற்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். உணவு இப்படி ஓரிடத்தில் குவிந்தால் சாப்பிட ஆள் வராமல் இருக்குமா? பாக்டீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. அவை பெருகப் பெருகப் படலம் தடிக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது.

இந்த நாற்றுவரிசை எவ்வளவு மெல்லியது? இதற்கு விடை காணும் வழியைத் திறந்து வைத்தவர், மின்னலையும் மின்சாரத்தையும் ஆராய்ந்த அதே பெஞ்சமின் பிராங்க்ளின்தான். 1757-ல் அவர் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, கூட வந்த கப்பல்களில் இரண்டின் பின்னால் மட்டும் கடல் வழவழவென்று அலையடங்கிக் கிடப்பதைக் கண்டார். சமையற்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்கான தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்றார் கப்பல் தலைவர். பிராங்க்ளின் அதை மறக்கவில்லை. பின்னாளில் லண்டனுக்கு அருகே கிளாப்பம் என்ற இடத்தில் இருந்த ஒரு குளத்தில், காற்றடித்துச் சிற்றலை எழும்பும் வேளையில், ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெயை ஊற்றினார். அது பரவிக்கொண்டே போய் ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பைக் கண்ணாடி போல அமைதியாக்கிவிட்டது. இதை 1774-ல் வெளியிட்டார். அந்தக் குளத்துச் சோதனைக்குப் பிறகு தம் மூங்கில் கைத்தடியின் மேற்பகுதியில் எண்ணெயை அடைத்துக்கொண்டு, கண்ட குளத்திலெல்லாம் ஊற்றிப் பார்த்து நண்பர்களை வியக்க வைத்தாராம்!

பிராங்க்ளின் போடாமல் விட்ட கணக்கு ஒன்றை நீங்கள் போடலாம். அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர், அதாவது 2 கோடி சதுர சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 4 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவைப் பரப்பால் வகுத்தால் தடிப்பு கிடைக்கும். ஒரு மில்லிமீட்டரை 5 லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! இன்றைய பேச்சில் சொன்னால் 2 நானோமீட்டர். இது எண்ணெயின் ஒரு மூலக்கூறின் நீளத்தை ஒட்டிய அளவு. ஒரு மூலக்கூறுக்கு மேல் இன்னொன்று ஏறாமல் ஒரே வரிசையாக நின்றால்தான் இது நடக்கும்.

இந்தக் கணக்கைக் கவனமாகச் செய்தவர் இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபு. அவருக்குத் துணை புரிந்தது நம் வீட்டுப் பூஜையறைப் பொருளான கற்பூரம். சுத்தமான தண்ணீரில் கற்பூரத் துண்டைப் போட்டால் அது பைத்தியம் பிடித்தது போல அங்குமிங்கும் சுற்றி ஓடும். கரையும் கற்பூரம் தன்னைச் சுற்றியுள்ள நீரின் பரப்பு இழுவிசையை ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் தளர்த்துவதால், விசை மிகுந்த பக்கம் அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் மேற்பரப்பில் ஏற்கெனவே போதிய எண்ணெய் பரவியிருந்தால் ஆட்டம் நின்றுவிடும். ரேலி 84 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, ஆட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று நிறுத்துப் பார்த்தார். வெறும் 0.81 மில்லிகிராம்! படலத்தின் தடிப்பு 1.6 நானோமீட்டர் என்று 1890-ல் அறிவித்தார்.

இந்தச் சோதனையை உங்கள் தொட்டி நீருக்கும் செய்யலாம். இரண்டு கண்ணாடித் தட்டுகளைச் சோப்பால் கழுவி, சோப்பு சிறிதும் இல்லாதபடி பல முறை அலசிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில், ரப்பர்க் குழாய் மூலம் தொட்டியின் நடு ஆழத்திலிருந்து எடுத்த தண்ணீர். மற்றதில், சிறு கிண்ணத்தால் மேற்பரப்பிலிருந்து வழித்து எடுத்த தண்ணீர். கற்பூரத்தை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்துக் கடுகளவு துணுக்கை ஒவ்வொன்றிலும் போடுங்கள். முதல் தட்டில் துணுக்கு ஓடும். படலம் நன்றாகத் தடித்திருந்தால் இரண்டாம் தட்டில் அது சோம்பிக் கிடக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: கற்பூரம் மீனுக்கு ஆகாது. சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றிவிடாதீர்கள்.

ரேலி இந்த ஆராய்ச்சியில் இருந்தபோது, 1891 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற 28 வயதுப் பெண். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. வீட்டில் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, சமையலறையில் பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து எழுந்த கேள்விகளுக்குத் தாமே விடை தேடியவர் அவர். இயற்பியல் படித்த தம்பி புத்தகங்கள் தந்து உதவினார். ஒரு நீண்ட தகரத் தட்டில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்தார். பட்டையை ஒரு பக்கமாக நகர்த்தினால் மேற்பரப்பில் உள்ள அழுக்குப் படலம் அந்தப் பக்கம் ஒதுங்கி நெருங்கும். மறு பக்கம் சுத்தமான நீர்ப்பரப்பு உண்டாகும். ஒரு சிறு பொத்தானை நீர்ப்பரப்பில் படியவைத்து, அதைத் தராசால் பிய்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்து, பரப்பு இழுவிசையை அளந்தார். ரேலி தம் மனைவியைக் கொண்டு அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து, 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அந்த ஆண்டு மார்ச்சிலேயே அது வெளிவந்தது. அந்தத் தகரத் தட்டைத் திருத்தி அமைத்துப் படலங்களை ஆராய்ந்த அமெரிக்கர் இர்விங் லாங்மியூருக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1932-ல், தம் 70-ஆம் வயதில், ஆக்னஸுக்கு ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. கொஞ்சம் தாமதம்தான், இல்லையா? அவருடைய தகரப் பட்டையை நினைவில் வையுங்கள். கடைசியில் நமக்கு வேண்டியிருக்கும்.

படலம் மூச்சை அடைக்குமா?

இப்போது எங்கள் பள்ளித் தொட்டிக்குத் திரும்புவோம். தண்ணீரில் மீன்கள் சுவாசிக்கும் ஆக்ஸிஜன், பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் காற்றிலிருந்து உள்ளே வருகிறது. அந்த வாசலில் ஓர் ஆடையைப் போர்த்தினால் மூச்சு அடைபடத்தானே செய்யும்? அண்ணன் சொன்னதும் நான் நம்பியதும் இதுதான். இன்றும் பலர் நம்புவதும் இதுதான்.

எண்களைப் பார்ப்போம். வானவில் நிறம் காட்டும் அளவுக்குத் தடித்த படலத்தையே எடுத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் சீராகப் பரவினால் அதன் தடிப்பு ஏறத்தாழ 280 நானோமீட்டர். ஒளியின் அலைநீளத்தை நெருங்கும் தடிப்பு இது. அதனால்தான் நிறம் தெரிகிறது. ஆமாம், ஒரே ஒரு சொட்டுப் போதும்! தினமும் நான் தாளால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

மேற்பரப்புக்கு நேர் கீழே, அசையாமல் கிடக்கும் ஒரு மெல்லிய நீர் அடுக்கு எப்போதும் உண்டு. நன்றாகக் கலங்கும் தண்ணீரில்கூட அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். ஆக்ஸிஜன் அந்த அடுக்கில் நீந்திப் போக முடியாது. மூலக்கூறு மூலக்கூறாக இடித்துப் பிடித்து ஊர்ந்துதான் போக வேண்டும். உள்ளே வரும் ஆக்ஸிஜனுக்கு உண்மையான தடை இதுதான். இதன் தடிப்போடு ஒப்பிட்டால் நம் வானவில் படலம் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. பத்துச் செங்கல் சுவருக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளை ஒட்டியது போலத்தான்.

ஆக்ஸிஜன் தண்ணீருக்குள் எவ்வளவு மெதுவாக ஊர்கிறது என்பது தெரிந்தால் திகைப்பீர்கள். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகம். தண்ணீர் சிறிதும் அசையவில்லை என்றால், மேற்பரப்பில் நுழைந்த ஆக்ஸிஜன் ஓரடி ஆழத்துக்குப் பரவ மாதக்கணக்கில் ஆகும்! தொட்டியின் அடியில் இருக்கும் மீன் அதுவரை காத்திருக்க முடியுமா? மேலே உள்ள தண்ணீர் கீழே போகவும், கீழே உள்ளது மேலே வரவும் வேண்டும். காற்று வீசியோ, மீன் வாலாட்டியோ, மோட்டார் ஓடியோ, எப்படியாவது தண்ணீர் புரள வேண்டும்.

படலத்தின் மேல் குற்றமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பிராங்க்ளினின் குளத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பரவியதும் சிற்றலைகள் அடங்கின அல்லவா? அலை எழும்போது மேற்பரப்பு ஓரிடத்தில் விரிகிறது. அங்கே படலம் மெலிகிறது; மெலிந்த இடத்தில் இழுவிசை கூடுகிறது; கூடிய விசை பக்கத்துப் பரப்பைத் தன் பக்கம் இழுத்து அலையை அமுக்கிவிடுகிறது. ஆக, படலம் படிந்த தண்ணீர் விறைத்த தோல் போர்த்தியது போல ஆகிவிடும். மின்விசிறிக் காற்றுக்குக்கூட எளிதில் அசையாது. அசையாத தண்ணீரில் அந்தச் செங்கல் சுவர் இன்னும் தடிக்கிறது. படலம் செய்யும் தீங்கு இந்தச் சுற்றுவழியில்தான் வருகிறது. தண்ணீர் நன்றாகப் புரளும் தொட்டியில் அது பெரிய தொல்லையே இல்லை.

சரி, மோட்டாரும் இல்லாமல் மூடியும் போட்ட எங்கள் தொட்டியில் நடந்தது என்ன? ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் உண்டு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகமாகத் தாங்குவது 9 மில்லிகிராம்தான். ஏப்ரல் வெயிலில், 30 டிகிரியில், அது ஏழரையாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக மீனுக்கோ ஆக்ஸிஜன் தேவை கூடும். நான் போட்ட அதிகப்படித் தீனியை மீன்கள் தின்று தீர்க்கவில்லை. அடியில் தங்கியது அழுகியது. அழுகச் செய்யும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். அவை மீனைவிட வேகமாக எடுத்துக்கொண்டன. போதாக்குறைக்கு அழுகலிலிருந்து நச்சான அம்மோனியாவும் வந்தது. தொட்டியில் இருந்த செடிகள் பகலில் ஆக்ஸிஜன் தந்திருக்கும். இரவில் அவையும் நம்மைப் போல ஆக்ஸிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிற கூட்டம்தான். அதனால் தொட்டியில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியற்காலை. அந்த ஐந்து மீன்களும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இறந்திருக்க வேண்டும். மீதி மூன்றும் மேலே வந்து வாயைப் பிளந்தது காற்றைக் குடிப்பதற்காக அல்ல. ஆக்ஸிஜன் சற்று அதிகமாக உள்ள மேல் அடுக்குத் தண்ணீரைச் செவுளில் செலுத்துவதற்காக. மறைந்திருந்து மீன்களைக் கொன்றதும் அளவுக்கு மீறிய தீனி. மேலே படலமாக வந்து மிதந்ததும் அதே தீனியின் மிச்சம். நான் மிதந்ததை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குஞ்சுகளின் கதை வேறு

வளர்ந்த மீன்களுக்குச் சொன்னது குஞ்சுகளுக்குப் பொருந்தாது. ஃபைட்டர், குராமி முதலிய மீன்களுக்குச் செவுள் தவிர, தலையில் காற்றைச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும் உண்டு. பொரித்துச் சில வாரங்களில் அந்த உறுப்பு உருவாகும்போது குஞ்சுகள் மேலே வந்து நிஜக் காற்றை விழுங்க வேண்டும். கொசுறாகச் சொல்கிறேன், பெரிய மீனுக்குத் தாள் போல உள்ள படலம், அரை சென்டிமீட்டர் குஞ்சுக்குக் கிழிக்க முடியாத துணி. வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர்ப் பக்கம் போனால், குஞ்சுத் தொட்டிகளின் மேற்பரப்பையும் சற்றுக் கவனித்துவிட்டு வாருங்கள்.

ஐரோப்பாவில் கடல் பாஸ், கடல் பிரீம் என்னும் உணவு மீன்களைக் குஞ்சிலிருந்து வளர்க்கத் தொடங்கியபோது, ஏராளமான குஞ்சுகள் முதுகெலும்பு வளைந்து வீணாயின. காரணம் தேடியபோது மேற்பரப்பு எண்ணெய்ப் படலத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தக் குஞ்சுகள் தம் உடலில் உள்ள காற்றுப்பையை நிரப்ப, முதல் சில நாள்களில் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியாக வேண்டும். படலம் குறுக்கே நின்றால் பை நிரம்பாது. பை நிரம்பாத குஞ்சு மூழ்காமல் இருப்பதற்கே ஓயாமல் நீந்தி உடல் கோணிப் போகிறது. இப்போது அத்தகைய பண்ணைகளில் காற்றைச் சாய்வாக ஊதிப் படலத்தை ஒரு மிதக்கும் சட்டத்துக்குள் ஒதுக்கி, அங்கிருந்து எடுத்துவிடுகிறார்கள். கொசுப் புழுவை ஒழிக்கத் தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் தெளிப்பார்களே, அதுவும் ஏறத்தாழ இதே விஷயம்தான். புழு தன் மூச்சுக் குழலை நீர்ப்பரப்பில் நீட்டித் தொங்குகிறது. எண்ணெய் வந்து அந்தப் பிடியைக் கெடுத்து, குழலுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

உங்கள் தொட்டியில் இருப்பது எது?

மேலே மிதப்பதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. ஒரு குச்சியால் படலத்தைக் குத்திப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் விலகி, சுழன்று, மீண்டும் ஒன்று சேர்ந்துகொள்ளும். கண்ணாடிச் சில்லுப் போலக் கூரான விளிம்புகளோடு உடைந்து, உடைந்தபடியே கிடந்தால் அது இரும்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. இரும்பை உண்டு வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. வயலோரச் சேற்றுக் குட்டையில் யாரோ மண்ணெண்ணெய் கொட்டியது போலத் தெரிவதும் பெரும்பாலும் இதுதான். அதைக் கண்டு யாரையும் திட்ட வேண்டாம். தொட்டிக்கு இப்படிப்பட்ட தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துக் காற்றேற்றி, தெளிந்ததை மட்டும் ஊற்றினால் போதும்.

வெள்ளையாகச் செதில் செதிலாக மிதந்தால் சுண்ணாம்பாக இருக்கலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் மேலே ஏடு படியுமே, அதன் உறவுக்காரன். கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் இது உண்டு. செதிலைக் கரண்டியில் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் கரையும். மீனுக்குத் தீங்கில்லை.

பிசுக்குதான் என்றால், எடுப்பது எளிது. கண்ணாடி டம்ளர் ஒன்றை நேராகப் பிடித்து, அதன் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே போகும்வரை மெல்ல அமுக்குங்கள். நாலா பக்கமிருந்தும் மேல் தண்ணீர் மட்டும் டம்ளருக்குள் வழியும்; படலமும் சேர்ந்து வந்துவிடும். ஏரி நிரம்பியதும் கலிங்கில் மேல் தண்ணீர் வழிகிறதே, அதே ஏற்பாடு. கடையில் விலைக்குக் கிடைக்கும் மேற்பரப்புச் சுத்திகரிப்பான்களும் இதைத்தான் மோட்டார் வைத்துச் செய்கின்றன. தாளால் எடுப்பதென்றால் மை இல்லாத, உறிஞ்சும் தாளாக இருக்கட்டும். தொட்டியின் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு மூலையிலிருந்து பரப்பை ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்து, ஒதுங்கிய படலத்தை டம்ளரில் வாங்குங்கள். ஆக்னஸ் பாக்கெல்ஸ் தம் தகரத் தட்டில் செய்தது இதுதான். மோலி மீன்களுக்குப் படலத்தைக் கொறித்துத் தின்னும் பழக்கம் உண்டு. ஆனால் அதற்காகவே இரண்டு மோலி வாங்கி விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவையும் கழிவு போடும் அல்லவா?

மறுநாளே படலம் திரும்ப வருகிறதா? தீனியைக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினி கிடப்பதால் சாவதில்லை. விடுமுறைக்குச் சேர்த்துப் போட வேண்டாம். அழுகிய இலைகளைக் கிள்ளி எடுங்கள். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கையைச் சோப்பில்லாமல் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தொட்டியில் விடுங்கள். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. சோப்பு மீனின் செவுளைக் கெடுக்கும். அறையில் கொசு மருந்து அடித்தால் தொட்டியை மூடி, காற்று மோட்டாரையும் அந்த நேரம் நிறுத்தி வையுங்கள். அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதர்களைவிட மீன்களுக்குப் பல மடங்கு கொடியவை.

காற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குமிழிகள் போகிற வழியில் கொடுக்கும் ஆக்ஸிஜன் கொஞ்சம்தான். அவை அடித் தண்ணீரை மேலே தூக்கி வந்து, மேற்பரப்பைக் கலக்கி உடைப்பதுதான் பெரிய உதவி. எனவே காற்றுக்கல்லைத் தொட்டியின் அடியில் வையுங்கள்; பாதி உயரத்தில் தொங்கவிட்டால் அதற்குக் கீழே உள்ள தண்ணீர் சரியாகப் புரளாது. வடிகட்டி இருந்தால் அதன் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்புங்கள். மேற்பரப்பு முழுவதும் மெல்ல நெளிந்தால் போதும். அருவி போலக் கொட்ட வேண்டியதில்லை.

மின்சாரம் நின்றுபோன கோடை இரவுகளில் ஒரு செம்பு போதும். தொட்டியின் அடியிலிருந்து தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால், அவை கீழே இறங்கும்வரை ஊற்றுங்கள். பிறகு கால் மணிக்கு ஒருமுறை பத்துச் செம்பு. விடிந்து செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிற வரையில் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம்.